மேடைக்கு ஓர் அடி தூரத்தில்

டாக்டர் ஃபீல்குட் இசைக்குழுவை 1970களின் நடுவில் லண்டன் பப்களில் நேரில் கண்டவர்கள் தங்கள் நினைவுகளைச் சொல்லத் தொடங்கினால், பெரும்பாலோர் பாட்டுக்கு வருவதற்கு முன்பே ஒரு மேலங்கியைப் பற்றிப் பேசிவிடுகிறார்கள். பாடகர் லீ பிரில்லோ மேடையில் அணிந்த வெள்ளை மேலங்கி அது. வியர்வையும் பீரும் சிகரெட் சாம்பலும் நாளுக்கு நாள் ஏறி அதன் வெள்ளை நிறமே அடையாளம் தெரியாமல் போனதையும், அவர் அதைத் துவைக்காமலேயே அடுத்த ஊரில் மீண்டும் மாட்டிக்கொண்டு வந்து நின்றதையும், கழுத்துப்பட்டை தளர, கழுத்து நரம்பு புடைக்க, மைக்கைப் பிடித்த முஷ்டியால் தாளத்துக்கு ஏற்பக் காற்றைக் குத்தியதையும் அவர்கள் இன்றும் நேற்று நடந்ததுபோல் விவரிக்கிறார்கள். எந்த ஆண்டு, எந்த மாதம், முதலில் எந்தப் பாட்டு என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது. அந்த மேலங்கியின் அழுக்கைப் பற்றி மட்டும் இரண்டு கருத்து இல்லை.

இந்தக் குழுவை நான் இசைத்தட்டு வழியாக மட்டுமே அறிந்தவன். அவர்கள் உச்சத்தில் இருந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. ஆனாலும் அவர்களுடைய பழைய ரசிகர்கள் பேசுவதையும் எழுதுவதையும் பல ஆண்டுகளாக விடாமல் பின்தொடர்ந்து வருகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நினைவுகள் காலப்போக்கில் மிகைப்படும் என்று பொதுவாகச் சொல்வோம். டாக்டர் ஃபீல்குட்டைப் பொறுத்தவரை, ரசிகர்களின் நினைவுதான் அந்தக் குழுவின் முதன்மையான ஆவணம் என்பதும், ஸ்டூடியோவில் பதிவான இசைத்தட்டுகள் அந்த நினைவை எட்டிப்பிடிக்க முயன்று ஓரளவே வென்றவை என்பதும் என் துணிபு. மிக அருகில் நின்று பார்த்தவர்களின் நினைவு என்பதால்தான் அதற்கு அந்தத் தகுதி வந்தது.

குழு பிறந்த ஊரைச் சொல்லாமல் மேலே போக முடியாது. லண்டனுக்குக் கிழக்கே, தேம்ஸ் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், எசெக்ஸ் கரையை ஒட்டிக் கிடக்கும் தாழ்வான மண்திட்டு கான்வி தீவு. உயர்அலையின்போது கடல்மட்டம் ஊரின் தரையைவிட மேலே நிற்கும். ஊரைச் சுற்றி எழுப்பப்பட்ட தடுப்புச்சுவர்தான் அதைக் காக்கிறது. 1953-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி இரவு வட கடலில் எழுந்த வெள்ளம் அன்றைய கரைகளை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தபோது, இந்தச் சிறிய தீவில் மட்டும் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வெள்ளத்திலிருந்து தப்பிய குழந்தைகளில் ஒருவன், அப்போது ஐந்து வயதான ஜான் வில்கின்சன். பிற்காலத்தில் வில்கோ ஜான்சன் என்ற பெயரில் டாக்டர் ஃபீல்குட்டின் கிட்டார் கலைஞராகவும் அதன் தொடக்ககாலச் சொந்தப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியவராகவும் ஆனவர் அவர்தான். தீவின் ஒருபுறம் எண்ணெய்க் கிடங்குகள், நீரோடைக்கு அப்பால் கோரிட்டன் சுத்திகரிப்பு ஆலையின் அணையாத தீச்சுடர், கடலுக்குள் நீளும் படகுத்துறைகள் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கத் தென்மாநிலங்களின் இசை எப்படி இவ்வளவு சொந்தமாகிப் போனது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கப்பல் நினைவுக்கு வருகிறது. 1959-இல் மீத்தேன் பயனீர் என்ற கப்பல், திரவமாக்கப்பட்ட இயற்கை எரிவாயுவை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்து வந்தது; அத்தகைய சரக்கு பெருங்கடல் தாண்டியது உலகிலேயே அதுதான் முதல் முறை. அது புறப்பட்ட இடம் அமெரிக்கத் தென்மாநிலமான லூசியானா. வந்து சேர்ந்த துறை கான்வி. தேம்ஸ் கழிமுகத்தை, ப்ளூஸ் இசைக்குப் பெயர்போன மிசிசிப்பி டெல்டாவோடு இணைத்து, தங்கள் ஊரை தேம்ஸ் டெல்டா என்று இந்தப் பையன்கள் அழைத்துக்கொண்டதில் ஊர்ப்பாசத்தோடு கொஞ்சம் உண்மையும் கலந்திருந்தது.

1971-இல் குழு உருவானது. லீ பிரில்லோ தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். வில்கோ நியூகாசில் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து, தரைவழியாகவே இந்தியா வரை பயணம் செய்து திரும்பி, ஊர்ப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தவர். பேஸ் கிட்டாரில் ஜான் ஸ்பார்க்ஸ். டிரம்ஸில் ‘பிக் ஃபிகர்’ என்று அழைக்கப்பட்ட ஜான் மார்ட்டின். இந்த இருவரையும் நினைவுக் குறிப்புகள் அநேகமாக விட்டுவிடுகின்றன. முன்னால் நின்ற இருவரும் எவ்வளவு தாறுமாறாகப் பாய்ந்தாலும் பாட்டு ஒருமுறைகூடத் தடுமாறாமல் இருந்ததற்கு இவர்களே காரணம் என்பதால், அவர்களுக்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இவர்கள் வாசித்த ரிதம் அண்ட் ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த தாள இசை, லண்டனில் புதிதாக முளைத்த ஒன்றன்று. 1962 மார்ச்சில் அலெக்சிஸ் கார்னரும் சிரில் டேவிஸும் ஈலிங்கில் ஒரு நிலவறையில் தொடங்கிய வாராந்திரக் கச்சேரிகளிலிருந்துதான் ரோலிங் ஸ்டோன்ஸ் உட்படப் பல குழுக்களுக்கு வழி பிறந்தது. ரிச்மண்டில் க்ராடாடி கிளப்பும் சோஹோவில் மார்க்கீ கிளப்பும் அந்த அலையைச் சுமந்தன. ஆனால் பத்தாண்டுகளுக்குள் அந்தத் தலைமுறை பெரிய அரங்குகளுக்கும் அமெரிக்கப் பயணங்களுக்கும் நகர்ந்துவிட்டது. 1973 வாக்கில் புகழ்பெற்ற ராக் குழு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், தொலைவில் இருக்கையில் அமர்ந்து, இருபது நிமிடம் நீளும் தனி வாசிப்புகளை அமைதியாகக் கேட்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கென்டிஷ் டவுனில் டேலி ஹோ, இஸ்லிங்டனில் ஹோப் அண்ட் ஆங்கர், கேம்டனில் புதிதாகத் திறந்த டிங்வால்ஸ் போன்ற இடங்கள், கச்சேரியை மறுபடி பீர்க் குவளைக்கு அருகில் கொண்டுவந்தன. டாக்டர் ஃபீல்குட் 1973 கோடையில் டேலி ஹோவில் முதன்முதலாக லண்டன்காரர்கள் முன் வாசித்தது.

அவர்கள் பெயர் பரவிய காலம் இருண்ட காலமும்கூட. 1974-இன் தொடக்கத்தில் பிரிட்டனில் மின்சாரத் தட்டுப்பாட்டால் தொழில்நிறுவனங்கள் வாரத்தில் மூன்று நாள் மட்டுமே மின்சாரம் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு இருந்தது. பகலெல்லாம் குளிரிலும் இருட்டிலும் சலித்துப்போன இளைஞர்கள், இரவில் சில்லறைக் காசுக்கு ஒரு பப்புக்குள் நுழைந்து, பதினொரு மணிக்குக் கடையடைக்கும் மணி ஒலிக்கும்வரை இந்த நால்வரிடம் அகப்பட்டுக்கொண்டார்கள். அந்த இரவுகளைப் பற்றிப் பேசும் எவரும் இசையை மட்டும் தனியே பிரித்துச் சொல்வதில்லை. வெளியே இருந்த குளிரும் உள்ளே இருந்த வெப்பமும் ஒரே வாக்கியத்தில்தான் வருகின்றன.

ஹோப் அண்ட் ஆங்கரை எடுத்துக்கொள்வோம். கச்சேரி நடந்தது பப்பின் கீழே உள்ள நிலவறையில். கூரை தாழ்வு, இடம் சிறிது, உள்ளே புகைபிடிக்கத் தடையில்லாத காலம். மேடை தரையிலிருந்து பெரிதாக உயர்ந்திருக்கவில்லை என்பதால் முன்வரிசையில் நின்றவருக்கும் பாடகருக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய ஓர் அடிதான். அந்த ஓர் அடி தூரத்தில் நின்றுகொண்டு வில்கோ ஜான்சன் கண்ணிமைக்காமல் நேராக உற்று நோக்கியதைச் சொல்லும் ரசிகர்கள், அது தங்களை மட்டுமே குறிவைத்த பார்வை என்று நம்புகிறார்கள். கறுப்பு உடை, நெற்றியில் நேராக வெட்டிய முடி, இறுகிய முகம். கிட்டாரையும் ஒலிபெருக்கியையும் இணைத்த சுருள் கேபிள் இழுபட இழுபட, அவர் மேடையின் குறுக்கே முன்னும் பின்னுமாகச் சறுக்குவார். திடீரென நின்று கிட்டாரை இயந்திரத் துப்பாக்கிபோல் தூக்கிப் பிடித்துக் கூட்டத்தைச் சுடுவார். அதே வேளையில் லீ பிரில்லோ நடுவில் அசையாமல் வேரூன்றி நின்று, ஒரு கையில் ஹார்மோனிகாவும் மைக்கும் சேர்த்துப் பிடித்து உறுமுவார். அந்த ஓட்டத்துக்கும் இந்த நிலைப்புக்கும் இடையே இருந்த பதற்றத்தில்தான் பார்த்தவர்கள் கட்டுண்டார்கள். இருவரில் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்ததாகச் சொல்பவர்களும் உண்டு. அதை நான் முழுதாக நம்புகிறேன்.

வில்கோவின் வாசிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் இயல்பில் இடக்கைக்காரர். ஆனால் கிட்டாரை வலக்கைக்காரரைப் போலவே வாசிக்கப் பழகிக்கொண்டார். பெரும்பாலான ராக் கலைஞர்கள் கம்பியை மீட்டப் பயன்படுத்தும் சிறு தகடான ப்ளெக்ட்ரத்தை அவர் தொடவில்லை. வெறும் விரல்களாலேயே கம்பிகளை அடித்தார். ஜானி கிட் அண்ட் தி பைரட்ஸ் குழுவின் மிக் கிரீன் அவருடைய ஆதர்சம். தாளம் பிடிக்க ஒரு கிட்டார், தனி வாசிப்புக்கு இன்னொரு கிட்டார் என்று பிரித்துக்கொள்ளாமல் இரண்டையும் ஒரே கிட்டாரில், ஒரே நேரத்தில் செய்யும் முறையை மிக் கிரீனிடமிருந்துதான் அவர் எடுத்துக்கொண்டார். வலக்கை மேலும் கீழும் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். எந்த அடி ஒலிக்க வேண்டும், எந்த அடி வெறும் தட்டாக மடிய வேண்டும் என்பதை இடக்கை கம்பிகளை அழுத்தியும் தளர்த்தியும் தீர்மானிக்கும். பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்ட் ஒன்று வெடிக்கும், உடனே அடங்கும், அடங்கிய இடத்தில் இரண்டு மூன்று சுரங்கள் பாயும், மறுபடி கார்ட் வெடிக்கும். ஒலியைப் போலவே இடைவெளியும் அதில் தாளமாகிறது. குழுவின் பேரைக் கேள்விப்படாமல் முதன்முறை கேட்பவர்கள் இரண்டு கிட்டார்கள் இருப்பதாகவே எண்ணுவார்கள். பக்கத்து ஊரான சவுத்எண்டில் வாங்கிய 1962-ஆம் ஆண்டின் டெலிகாஸ்டர் கிட்டார், கறுப்பு உடலும் சிவப்புத் தகடுமாக, அவருடைய கடைசிக்காலம்வரை அவரோடு அடையாளமாகவே ஒட்டிக்கொண்டது.

இப்படிப்பட்ட குழுவை ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோவதில் சிக்கல் இருந்தது. முதல் இசைத்தட்டான ‘டவுன் பை தி ஜெட்டி’ 1975 ஜனவரியில் வெளியானது. தயாரித்தவர் விக் மெயில். தனித்தனியாக வாசித்துப் பிறகு அடுக்கிச் சேர்ப்பதை வில்கோ விரும்பவில்லை. பப்பில் வாசிப்பதைப் போலவே நால்வரும் ஒன்றாக நின்று வாசிக்க வேண்டும் என்றார். இரண்டு காதுகளுக்கும் ஒலியைப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ எங்கும் பரவிவிட்ட அந்தக் காலத்தில் இது ஒலியைப் பிரிக்காத மோனோவில் வந்தது. அட்டைப்படமும் கறுப்பு வெள்ளை. பழமைவாதம் என்று அப்போது சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒரு நிலவறையில் கூட்டத்தின் நடுவே நிற்பவருக்கு இடப்பக்கம் வலப்பக்கம் என்று ஒலி பிரிந்து வருவதில்லை, ஒரே சுவராக மோதும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த முடிவின் நியாயம் விளங்கும்.

அதே ஆண்டு இறுதியில் வந்த இரண்டாவது தட்டும் விற்றது. ஆனால் 1976 இலையுதிர்காலத்தில் வெளிவந்த ‘ஸ்டுபிடிட்டி’தான் நான் இங்கே சொல்லவரும் விஷயத்துக்கு நேரடிச் சாட்சி. அது முழுக்க முழுக்க மேடைப் பதிவு: ஒரு பக்கம் 1975 மே மாதம் ஷெஃபீல்ட் சிட்டி ஹாலில், மறுபக்கம் அதே ஆண்டு நவம்பரில் சவுத்எண்டின் குர்சால் அரங்கில். அதற்கு முன் டாக்டர் ஃபீல்குட் தனித்தட்டாக (சிங்கிள்) வெளியிட்ட பாட்டு எதுவும் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஏறியதே இல்லை. வானொலியில் வெற்றிப் பாட்டு ஒன்றுகூட இல்லாத குழுவின் மேடைப் பதிவு, இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. வாங்கியவர்கள் யார் என்று யோசித்தால் எனக்கு ஒரே விடைதான் தோன்றுகிறது: நேரில் பார்த்தவர்கள், அவர்கள் சொல்லக் கேட்ட நண்பர்கள். வேர்க்க வேர்க்க நின்று பார்த்த இரவின் சான்றாக அதைக் கையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் பிற்காலத்தில் பெயர் பெற்றவர்களும் நின்றிருந்தார்கள். பின்னாளில் தி க்ளாஷ் குழுவில் பாடிய ஜோ ஸ்ட்ரம்மர், வில்கோவைப் பார்த்துவிட்டு டெலிகாஸ்டர் கிட்டாருக்கு மாறினார். தி ஜாம் குழுவின் பால் வெல்லர் இசையில் வில்கோவுக்குத் தான் பட்ட கடனைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். ப்ளாண்டி குழுவின் டிரம்ஸ் கலைஞர் கிளெம் பர்க் லண்டனிலிருந்து முதல் இசைத்தட்டை நியூயார்க்குக்கு எடுத்துச் சென்று நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார். குர்சால் பதிவு நடந்த அதே நவம்பரில்தான், பங்க் என்ற முரட்டு ராக் அலையின் முகமான செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு தங்கள் முதல் கச்சேரியை லண்டன் கலைக்கல்லூரி ஒன்றில் நடத்தியது. பங்க் வந்ததும் டாக்டர் ஃபீல்குட்டை அதன் முன்னோடி என்று ஒரு வரியில் அடக்கிவிடும் வழக்கம் வரலாற்றாசிரியர்களிடம் உண்டு. ரசிகர்கள் யாரும் அப்படி நினைப்பதில்லை. அடுத்து வந்த எதற்கும் முன்னுரையாக அவர்கள் அந்த நிலவறையில் நிற்கவில்லை.

1977-இல் நான்காவது இசைத்தட்டின் பதிவின்போது பிளவு வந்தது. எந்தப் பாட்டைச் சேர்ப்பது என்ற சச்சரவில் வில்கோ வெளியேறினார்; விலகினாரா விலக்கப்பட்டாரா என்பதில் இரு தரப்பும் கடைசிவரை உடன்படவில்லை. ரசிகர்களும் அன்றுமுதல் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். வில்கோ போனதோடு குழு முடிந்தது என்பவர்களின் இழப்புணர்வை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. வில்கோவின் இடத்துக்கு வந்த ஜிப்பி மேயோ அவரைப் பின்பற்ற முயலாமல், தன் வழியில் இனிமையாக வாசித்தார். 1979 தொடக்கத்தில் குழுவின் பாட்டு ஒன்று முதல் பத்து இடங்களுக்குள் வந்தது அவர் காலத்தில்தான். 1982-இல் ஸ்பார்க்ஸும் பிக் ஃபிகரும் விடைபெற்ற பிறகு, தொடங்கியவர்களில் லீ ஒருவரே மிஞ்சினார். பெரிய நிறுவனங்களின் கவனம் வேறு பக்கம் திரும்பியிருந்த அந்த ஆண்டுகளில் அவர் வேனில் ஏறி, பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் ஊர் ஊராக, ஆண்டின் பெரும்பகுதியைச் சாலையிலேயே கழித்தார். இருநூறு பேர் கூடும் கிளப்பில்கூட இரண்டாயிரம் பேருக்குப் பாடுவதுபோல் அவர் பாடினார் என்பது அந்தக் காலத்து ரசிகர்களின் ஒருமித்த சொல். 1970களின் ரசிகர்கள் எழுதும் நினைவுகளில் இந்தப் பதினேழு ஆண்டுகள் இரண்டு வரியில் முடிந்துவிடுவது லீக்குச் செய்யும் அநீதி.

லீக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. 1994 ஜனவரியில், கான்வி தீவில் குழுவின் பெயரையே தாங்கிய இசைவிடுதியில், சொந்த ஊர்க்காரர்கள் முன் கடைசியாகப் பாடினார். அது பதிவாகி இசைத்தட்டாகவும் வந்தது. ஏப்ரல் 7 அன்று, 41 வயதில் காலமானார். பிறகு பல ஆண்டுகள் அவர் பிறந்த மே மாதத்தில் ரசிகர்கள் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் கான்விக்கு வந்து கூடினார்கள். பகலில் குழுவோடு தொடர்புடைய இடங்களைச் சுற்றி நடந்து, இரவில் நினைவுக் கச்சேரி நடத்தினார்கள்.

அந்த நடைவழியை நானும் ஒருமுறை தனியாக நடந்து பார்த்திருக்கிறேன். தீவில் ரயில் நிலையம் கிடையாது. லண்டன் ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டிலிருந்து ரயிலேறி பென்ஃப்ளீட்டில் இறங்கிப் பேருந்தில் பாலம் கடக்க வேண்டும். லாப்ஸ்டர் ஸ்மாக் என்ற பழைய மரப்பலகைப் பப்பின் பின்னால் தடுப்புச்சுவர் நிமிர்ந்து நிற்கிறது. சுவர்மேல் ஏறினால் ஒருபக்கம் வீடுகளின் கூரைகள் கீழே தெரிகின்றன. மறுபக்கம் சரக்குக் கப்பல் ஒன்று அந்தக் கூரைகளைவிட உயரத்தில் மிதந்து போகிறது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் துறைகளில் ஒன்று, 1970களில் கட்டத் தொடங்கி முடிக்காமலே கைவிடப்பட்ட சுத்திகரிப்பு ஆலைக்காகப் போடப்பட்டது. அங்கே நின்றபோது, இந்த இசையில் இருக்கும் இறுக்கமும் அவசரமும் எனக்கு இன்னும் கூடுதலாகப் பிடிபட்டன.

வில்கோவின் கதையில் ரசிகர்களுக்கு இன்னொரு பங்கு உண்டு. அவருக்குக் கணையப் புற்றுநோய் என்றும், குணப்படுத்த முடியாது என்றும் 2012 இறுதியில் மருத்துவர்கள் சொன்னார்கள். சிகிச்சையைத் தவிர்த்து, இருக்கும் மாதங்களை மேடையில் கழிப்பது என்று அவர் முடிவெடுத்தார். 2013 மார்ச்சில் விடைபெறும் கச்சேரிகள் நடந்தன. வந்தவர்கள் கடைசியாகப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தோடு அழுதுகொண்டே ஆடினார்கள். சொன்ன கெடு கடந்தும் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய ரசிகரும் கச்சேரிப் புகைப்படக்காரருமான ஒருவர் தொழிலில் புற்றுநோய் மருத்துவர். கொடிய கணையப் புற்றுநோய் உள்ள ஒருவரால் இத்தனை மாதங்களுக்குப் பிறகும் இந்த வேகத்தில் மேடையில் பாய முடியாது, ஆகவே இது வேறு வகைக் கட்டியாக இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அவருடைய வற்புறுத்தலால் கேம்பிரிட்ஜின் ஆடன்புரூக்ஸ் மருத்துவமனையில் மறுபடி பரிசோதித்தார்கள். அவர் ஐயம் சரியாக இருந்தது. 2014 ஏப்ரலில் நடந்த நீண்ட அறுவை சிகிச்சையில் சுமார் 3 கிலோ எடையுள்ள கட்டி அகற்றப்பட்டது. மேடைக்கு அருகில் நின்று உன்னிப்பாகப் பார்க்கும் பழக்கம் ஓர் உயிரையே மீட்டுத் தந்ததை எண்ணும்போது எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

வில்கோ அதன்பின் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 2017-இல் தன் 70-ஆவது பிறந்தநாளை ஒட்டி ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார். 2022 அக்டோபரில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயரில் மேடையேறினார். நவம்பர் 21 அன்று, 75 வயதில், மறைந்தார். அந்த அக்டோபர் கச்சேரிக்குப் போனவர்களில் 1974-இல் இளைஞர்களாக நிலவறைகளில் நின்றவர்களும் இருந்தார்கள்; அவர் மேடையின் குறுக்கே சறுக்கியதையும், கிட்டாரைத் தூக்கிக் கூட்டத்தை நோக்கிக் குறிவைத்ததையும், அதே உற்றுநோக்கும் கண்களையும் இப்போது அவர்கள் தங்கள் பழைய நினைவுகளோடு ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.